பிரபுவை மடித்துவிட்டார்கள்: ஹோகார்த் ஓவியத்தின் பிரிண்ட் வாங்கிய அனுபவம்

18-ம் நூற்றாண்டு ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் வரைந்த 'பெகர்ஸ் ஆப்பரா' ஓவியத்தை வீட்டுச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேன்வாஸ் பிரிண்ட் வேண்டாம். காகிதத்தில், நாலு பக்கமும் வெள்ளை மார்ஜின் விட்டு அச்சடித்துத் தருவார்களா என்று கேட்டு அதை வாங்குங்கள். நான் ஒரே ஆன்லைன் கடையில் இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கேன்வாஸுக்கு ஐந்துக்கு இரண்டு மதிப்பெண், காகிதத்துக்கு நாலு. கடையின் பெயர் வேண்டாம். அவர்கள் செய்ததைத்தான் இந்தத் தொழிலில் பாதிப் பேர் செய்கிறார்கள்.

லண்டனில் நாடக அரங்குகளில் லைட்டிங் வேலை பார்ப்பவன் நான். ஓவியம் படித்தவன் இல்லை. வேலை இல்லாத பகல்களில் டேட் பிரிட்டன் ஓவியக் காட்சியகத்துக்குப் போய் உட்காருவது வழக்கம். நுழைவுக் கட்டணம் கிடையாது, பிம்லிகோ ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துவிடலாம். அங்கே பார்த்துப் பழகிய படம் இது. 1731-ல் வரைந்தது, அளவு 57-க்கு 76 செ.மீ. ஒரு சூட்கேஸ் மூடி அளவுதான் வரும். ஹோகார்த் இதே காட்சியைத் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். டேட் 1909-ல் வாங்கி வைத்திருப்பது அந்த வரிசையில் ஆறாவது.

படத்தில் என்ன நடக்கிறது என்று தெரியாமல் பிரிண்டின் கோளாறு புரியாது. அதனால் கொஞ்சம் கதை.

1728 ஜனவரி 29 அன்று லண்டன் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கில் ஜான் கே எழுதிய 'பெகர்ஸ் ஆப்பரா' (பிச்சைக்காரனின் ஆப்பரா) என்ற பாட்டு நாடகம் முதன்முறையாக மேடையேறியது. ட்ரூரி லேன் அரங்கு வேண்டாம் என்று தள்ளிய நாடகம் அது. அந்தக் காலத்தில் ஊரில் இத்தாலிய ஆப்பரா கொடிகட்டிப் பறந்தது. ராஜாக்களும் தேவதைகளும் இத்தாலிய மொழியில் பாடுவார்கள். கே என்ன செய்தார் என்றால், தெருவில் எல்லாரும் முணுமுணுக்கும் மெட்டுகளை எடுத்துத் திருடனையும் சிறைக் காவலனையும் பாட வைத்தார். மொத்தம் 69 பாட்டு. அந்த சீசனில் மட்டும் 62 முறை ஓடியது. திருட்டுச் சாமான் வாங்கி விற்கும் பீச்சம் என்ற பாத்திரத்தில், 1725-ல் தூக்கிலிடப்பட்ட திருடர் கூட்டத் தலைவன் ஜோனதன் வைல்டையும் ஜனங்கள் பார்த்தார்கள், பிரதமர் ராபர்ட் வால்போலையும் பார்த்தார்கள். கே எழுதிய இரண்டாம் பாகத்தை மேடையேற்றவே விடவில்லை. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் இதைத் தழுவி நாடகம் போட்டது சரியாக 200 வருஷம் கழித்து, 1928-ல்.

ஹோகார்த் எடுத்துக்கொண்டது மூன்றாம் அங்கத்தில் ஒரு கட்டம். இடம் நியூகேட் சிறை. நடுவில் சிவப்புக் கோட்டு போட்டு, காலில் விலங்கோடு நிற்பவன் மெக்ஹீத், வழிப்பறிக் கொள்ளைக்காரன். அவனைத் தூக்கில் போடப் போகிறார்கள். அவன் பெண்டாட்டி நான்தான் என்று நம்பும் இரண்டு பெண்கள், ஆளுக்கொரு பக்கம். இடது பக்கம் லூசி, தன் அப்பா லாக்கிட் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சுகிறாள். சிறைச் சாவி அந்த ஆளிடம்தான் இருக்கிறது. வலது பக்கம் பாலி, தன் அப்பா பீச்சமிடம் கெஞ்சுகிறாள். 'எந்தப் பக்கம் திரும்புவேன்' என்று மெக்ஹீத் பாடிக்கொண்டிருக்கும் நேரம். இரண்டு பெண்டாட்டிக்காரன் பாடு எந்த ஊரிலும் ஒன்றுதான் போல.

இதுவரைக்கும் மேடை. படத்தின் சுவாரஸ்யம் இதற்கு வெளியே இருக்கிறது.

அந்தக் காலத்தில் காசுள்ள கனவான்கள் மேடையிலேயே இடம் வாங்கி, நடிகர்களுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொள்வார்கள். 1760-களின் தொடக்கத்தில் நடிகரும் அரங்க நிர்வாகியுமான டேவிட் காரிக் ஒழித்துக்கட்டும் வரை லண்டனில் இதுதான் நடைமுறை. ஹோகார்த் அவர்களையும் அப்படியே வரைந்துவிட்டார். வலது பக்கம் உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர் போல்டன் பிரபு. இப்போது பாலியின் முகத்தைப் பாருங்கள். கெஞ்சுவது அப்பாவிடம், பார்ப்பது அப்பாவைத் தாண்டிப் பிரபுவை. பாலியாக நடித்தவர் லவினியா ஃபென்டன். அந்த நாடகத்தால் ஒரே சீசனில் ஊர் முழுக்கத் தெரிந்த முகமாகி, அதே 1728 கோடையில் மேடையை விட்டுவிட்டு இந்தப் பிரபுவோடு போய்விட்டார். பிரபுவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு. அந்த அம்மாள் இறந்த பிறகு, 1751-ல்தான் லவினியாவுக்குத் தாலி ஏறியது. படம் வரைந்தபோது விஷயம் ஊருக்கே தெரியும். பிரபுவின் தலைக்கு மேலே ஓரத்தில் ஒரு சாட்டிர் சிலை வேறு. பாதி ஆடு, பாதி மனுஷன், முழுக்கக் காமம். இந்தப் பக்கம் பாருங்கள் என்று அது அவரைக் காட்டிக்கொடுப்பது போலவே இருக்கும். மேலே, தூக்கிக் கட்டிய திரைச்சீலையில், கண்ணாடியில் பார்ப்பது போல என்று அர்த்தம் வரும் லத்தீன் வாசகம். யாருக்குக் கண்ணாடி காட்டுகிறார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

என் தொழில் சார்ந்து எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று உண்டு. அன்றைக்கு அரங்கு முழுக்க மெழுகுவர்த்தி வெளிச்சம்தான். நாடகம் தொடங்கினாலும் பார்வையாளர் பக்கம் இருட்டாகாது. பார்வையாளரை இருட்டில் உட்கார வைத்துத்தான் எங்கள் பிழைப்பே ஓடுகிறது. இங்கே அவர்கள் முகத்திலும் நடிகர்கள் முகத்திலும் விழுவது ஒரே வெளிச்சம். அதனால்தான் பிரபு ஒளிய முடியாமல் மாட்டிக்கொள்கிறார். பின்னால் சிறைச் சுவர் பழுப்பும் கறுப்புமாகக் கிடக்கும், பாலியின் வெள்ளைப் பட்டு உடைதான் இருப்பதிலேயே பிரகாசம். அந்தப் பட்டிலிருந்து கண் வழுக்கி நேராகப் பிரபுவிடம் போகும். நான் ஒரு காட்சிக்கு லைட் போட்டாலும் இதே வழியைத்தான் பிடிப்பேன்.

ஆகவே, இந்தப் படத்தில் ஓரம்தான் முக்கியம். கேன்வாஸ் பிரிண்டில் போனதும் ஓரம்தான்.

பார்சலில் குறையில்லை. தடிமனான அட்டைப்பெட்டி, மூலைகளுக்குத் தனி அட்டை, பபிள் ராப். நான் எடுத்தது 60-க்கு 40 செ.மீ., விலை 38 பவுண்டு. பிரித்துச் சுவரில் சாய்த்து வைத்தேன். தூரத்தில் இருந்து பார்க்க ஜோராகத்தான் இருந்தது. கிட்டே போனால் சாட்டிரைக் காணவில்லை. மரச்சட்டத்தின் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன், அங்கே இருந்தது. பக்கத்தில் பிரபுவின் தோளும் இருந்தது. முகம் பாதி முன்னால், பாதி மூலை திரும்பி.

இது எப்படி நடக்கிறது என்றால், கேன்வாஸ் துணியில் படத்தை அச்சடித்து, 4 செ.மீ. தடிமனுள்ள மரச்சட்டத்தின் மேல் இழுத்து, ஓரத்தைப் பக்கவாட்டில் மடித்துப் பின்னால் ஸ்டேப்லர் அடித்துவிடுவார்கள். பிரேம் செலவு மிச்சம். மடிப்புக்குள் போகும் 4 செ.மீ. எங்கிருந்து வரும்? படத்திலிருந்துதான். கடற்கரை, சூரிய அஸ்தமனம் மாதிரிப் படங்களுக்கு இதனால் ஒன்றும் குறையாது. நாலு விரல்கடை வானம் பக்கவாட்டில் போனால் யார் கேட்கப் போகிறார்கள்? போட்டிருக்கும் கூத்து முழுக்க ஓரத்தில் நடக்கும் படத்துக்கு இது கொலை.

கணக்கிலும் ஒரு கோளாறு உண்டு. மூலப் படம் நாலுக்கு மூன்று என்ற விகிதம். 60-க்கு 40 என்பது மூன்றுக்கு இரண்டு. அகலத்தைச் சரியாக வைத்தால் உயரத்தில் வெட்டியாக வேண்டும். மேலே இருந்த திரைச்சீலையின் லத்தீன் வாசகம் கொஞ்சம் இந்த வெட்டில் போயிற்று, மிச்சம் மடிப்பில் போயிற்று. கடையின் பக்கத்தில் காட்டியிருந்த மாதிரிப் படத்தில் ஓரமெல்லாம் முழுசாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது குறை துணியின் நெசவு. எண்ணெய் ஓவியம் மாதிரியே இருக்கும் என்று கேன்வாஸை விற்கிறார்கள். இவ்வளவு சின்னப் படத்தில் முகங்கள் நகக்கண் அளவுதான். ஒவ்வொரு கண்ணும் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி மேல் நூலிழை ஓடினால் பாலி எங்கே பார்க்கிறாள் என்றே தெரியவில்லை. அப்புறம் நிறம். திரையில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று யாரோ லெவலை ஏற்றிவிட்டார்கள். சிவப்புக் கோட்டு ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிட்டது, நியூகேட் சிறை சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துவிட்டது. மேடையில் இப்படிச் செய்தால் டைரக்டர் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

கஸ்டமர் சர்வீஸ் சாட்டில் புகார் சொன்னேன். பதில் உடனே வந்தது, மரியாதையாகவும் பேசினார்கள். ஆனால் என்ன பதில் தெரியுமா? 'படத்தின் முக்கியப் பகுதி முழுவதும் முன்பக்கத்தில் வந்திருக்கிறது, சார்.' வலது ஓரத்தில் வட்டம் போட்டு அனுப்பி, முக்கியப் பகுதி இதுதான் என்றேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் கழித்து, 'அங்கே சில பார்வையாளர்கள் மட்டும்தானே இருக்கிறார்கள்' என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். நடுவைப் பிடித்துக்கொண்டு ஓரத்தைத் தள்ளு என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள், அவர் என்ன செய்வார். ஆர்டர் எடுத்த பின் அச்சடிப்பதால் திரும்ப வாங்க முடியாது என்றார்கள். அதற்குப் பதிலாகக் காகித பிரிண்ட் எடுத்தால் பாதி விலை என்றார்கள். சரி என்றேன்.

காகித பிரிண்ட் வேறு ரகம். சதுர மீட்டருக்கு 300 கிராமுக்கு மேல் எடையுள்ள பருத்திக் காகிதம், பளபளப்பு இல்லாதது. சுருட்டிக் குழாயில் வந்தது. சுற்றிலும் 5 செ.மீ. வெள்ளை. படம் ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டுப்படவில்லை. சாட்டிர் இருக்கிறது, லத்தீன் இருக்கிறது, பிரபு முழு முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். 60-க்கு 45 அளவு, பாதி விலைக்கு 16 பவுண்டு ஆயிற்று. பாலியின் பார்வை தெளிவாகத் தெரிகிறது. சிவப்பும் அடங்கி வந்திருக்கிறது. ஒரு மதிப்பெண் குறைத்தது ஏனென்றால், இருட்டான இடங்கள் கொஞ்சம் கட்டிப்போய்விட்டன. சிறைச் சுவரின் விவரமெல்லாம் ஒரே கறுப்பாகத் தெரிகிறது. ஜன்னல் பக்கம் மாட்டினால் பரவாயில்லை.

பிரேம் போட தெற்கு லண்டனில் டூட்டிங்கில் ஒரு பழைய கடைக்குப் போனேன். கடைக்காரர் யாழ்ப்பாணத்துப் பெரியவர். ஒப்பிட்டுப் பார்க்கட்டும் என்று கேன்வாஸையும் கொண்டுபோயிருந்தேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஓரத்தைப் பார்த்தார்.

"இதென்ன தம்பி, கரையில இருக்கிற ஆளைப் பிளந்துபோட்டாங்கள்? ஆர் இவர்?"

கதையைச் சொன்னேன். பெரியவருக்கு ஒரே சிரிப்பு. "அப்ப கடைசியில கலியாணம் கட்டினவரோ?"

"கட்டினார் அண்ணே. இருபத்துமூணு வருஷம் கழிச்சு."

"பரவாயில்லை, நல்ல மனுசன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். தங்க நிற பிரேம் போடலாமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றார். மூலப் படம் சின்னது, உள்ளே ஆட்கள் நெருக்கம், பிரேமும் மினுங்கினால் கண் எங்கே போவது என்பது அவர் கணக்கு. கறுப்பும் பழுப்பும் கலந்த ஒல்லி மரச்சட்டம், உள்ளே பழுப்பு கலந்த வெள்ளை மவுண்ட் போட்டுக் கொடுத்தார். மூலைகள் சேரும் இடத்தில் நகம்கூட நுழையாது. 45 பவுண்டு வாங்கினார். படத்தை விடச் சட்டம் விலை அதிகம்தான், ஆனால் அந்த வேலைக்குக் கொடுக்கலாம்.

கடையின் பக்கத்தில் இதை 'ரொக்கோகோ எண்ணெய் ஓவியம்' என்று போட்டிருந்தார்கள். ரொக்கோகோ 18-ம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியப் பாணி. அதனால் ஊஞ்சல், ரோஜா வண்ணம், குண்டுக் குழந்தைகள் என்று எதிர்பார்த்து வாங்குகிறவர் ஏமாந்துபோவார். நியூகேட் சிறையில் ரோஜா ஏது? ஆனால் முழுப் பொய்யும் இல்லை. பட்டு உடையின் பளபளப்பு, சுருண்டு இறங்கும் திரைச்சீலை, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு வளைந்து வளைந்து போகும் கோடு, காதலையும் கள்ளத்தனத்தையும் சேர்த்து வைத்துச் சிரிக்கும் மனசு, எல்லாம் அந்தக் காலத்துச் சரக்குதான். பாம்பு போல வளையும் கோட்டில்தான் அழகு இருக்கிறது என்று ஹோகார்த் பிற்பாடு, 1753-ல், ஒரு புத்தகமே எழுதினார். பிரெஞ்சு மினுமினுப்பைக் கொண்டுவந்து லண்டன் ஜெயிலுக்குள் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இவருடைய அப்பாவே கடனுக்காக லண்டன் சிறையில் கிடந்தவர். ஜெயிலை இவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து வந்திருக்கும் என் மாமியாருக்கு ஓவியத்தைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் இல்லை. கதையைக் கேட்டதில் இருந்து ஒரே கேள்விதான். "இந்தப் பையனை கடைசியில தூக்குல போட்டாங்களா இல்லையா, மாப்பிள்ளை?"

"இல்லைங்க அத்தை, விட்டுட்டாங்க. நாடகத்துல கதை எழுதினவனா வர்ற பிச்சைக்காரன் மேடைக்கே வந்து, இவனைத் தூக்குல போடணும்னுதான் சொல்றான். ஆப்பரான்னா சுபமாத்தான் முடியணும்னு ஒரு நடிகன் தகராறு பண்றான். சரி போ, விட்டுடுன்னு முடிச்சிடறாங்க."

"ரெண்டு பேர்ல யாரோட போனான்?"

பாலியோடு என்றேன். அதற்கு முன்னால் இன்னும் நாலு பெண்கள் ஆளுக்கொரு பிள்ளையோடு வந்து நிற்பார்கள் என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் படத்தைக் கழற்றச் சொல்லியிருப்பார்.

வாங்கப் போகிறவர்கள் அளவில் மட்டும் கவனமாக இருங்கள். 80-க்கு 60, 60-க்கு 45, 40-க்கு 30, இதில் எது கிடைத்தாலும் படம் வெட்டுப்படாது. 70-க்கு 50, 90-க்கு 60 என்று கடை காட்டினால் எங்கேயோ கத்தி விழும். என்னைக் கேட்டால் 80-க்கு 60 எடுங்கள், மூலப் படத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிது, முகங்கள் இன்னும் தெளிவாகத் தெரியும். சாதாரணக் கண்ணாடி போட்டால் இருட்டான பகுதிகளில் உங்கள் ஹால் பல்புதான் தெரியும். எதிரொளிக்காத கண்ணாடிக்கு அந்தப் பெரியவர் 30 பவுண்டு கூடுதலாகக் கேட்டார். நான் பல்பை இடம் மாற்றி, ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை விட்டுப் பக்கச் சுவரில் மாட்டிவிட்டேன், அந்தச் செலவு மிச்சம். கேன்வாஸ் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. பாதிப் பிரபு போதும் என்பவர்கள் யாராவது இருந்தால் இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம், டூட்டிங் வரை வந்தால் சரி.